எழுவாய் கேட்டவர்

எந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒரே சொல்தான்: "யாரு?"

கேட்கும்போது தலை நிமிராது. தட்டச்சுப் பொறியின் உருளையில் தாளைச் செருகியபடியே, கார்பன் தாளின் ஓரத்தை நகத்தால் நீவியபடியே கேட்பார். குரலில் கோபம் இருக்காது, சந்தேகமும் இருக்காது. மளிகைக் கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற தொனிதான் அது. ஆயினும் அந்த ஒரு சொல்லின் முன் விழி பிதுங்காதவர் எங்கள் அலுவலகத்தில் எவரும் இல்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவர் மகிழ்வார் என்பதையும், எழுதாமல் விட்டதற்குக் கேலி செய்வார் என்பதையும் அறிவேன். ஆனால் அவர் இன்னும் அரசாங்க வேலையில் இருக்கிறார். ஆகவே அலுவலகம் அழைத்தவாறே 'மாமி' என்று குறிப்பிடுகிறேன். அப்போது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை, மணமும் ஆகவில்லை. மாட்டுங்காவிலிருந்து பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வருகிற தமிழ்ப் பெண் என்றால் மாமிதான் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். 'யாரோ' என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். தீர்மானித்தவர் பண்டகக் கணக்குப் பார்த்த பாலக்காட்டுக்காரர். மராத்தியரான எங்கள் தலைமை எழுத்தர் அதையே பெயரென்று நம்பி, மரியாதைக்காகத் தம் மொழியின் 'பாய்' ஒன்றையும் சேர்த்து 'மாமிபாய்' என்று கூப்பிட்டு வந்தார்.

செம்பூருக்கு அப்பால், உப்புச் சேற்றுவெளியை ஒட்டி ஒரு சிறிய இராணுவ முகாம் இருந்தது. அதன் கட்டட வேலைப் பிரிவில் அவர் தட்டச்சர். நான் கீழ்நிலை எழுத்தன். அவர் கிங்ஸ் சர்க்கிளில் பேருந்து ஏறுவார். நான் தாராவியிலிருந்து நடந்து வந்து சயானில் ஏறுவேன். இடம் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்வார். இடம் இல்லாவிட்டால் நான் நின்றுகொண்டே பேசுவேன். நின்று பேசுவது எனக்குப் புதிதன்று.

நான் சொற்பொழிவாளன். தாராவியில் நாங்கள் நடத்திய சொற்பயிற்சி மன்றத்தில் என் பெயரை அறிவித்ததும் பின்வரிசையில் பீடி அணைக்கும் ஓசை கேட்கும். மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை உயர்த்த வேண்டும், எதிர்க்கட்சியின் வாதத்தை எப்படி முதலில் அணைத்துப் பிறகு நெரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் பயின்றிருந்தேன். இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு திங்கட்கிழமைக் காலை, பேருந்தில், முந்தைய நாள் கூட்டத்தைப் பற்றி மாமியிடம் சொன்னேன்: "மக்கள் பெரிதும் கவரப்பட்டனர்."

"யாரு கவர்ந்தா? நீங்களா, வாசல்ல நின்ன சுண்டல்காரனா?"

"என் உரை, மாமி. 'தமிழ் இளைஞனே, எழுவாய்!' என்று முடித்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று."

"எழுவாய் எழுவாய்னு ஊரெல்லாம் கத்தறேள். நீங்க எழுதற வாக்கியத்துல எழுவாயே இல்லையே, பிரசங்கியாரே!"

பேருந்தில் இருந்த இரண்டு தமிழர் வாய்விட்டுச் சிரித்தனர். அன்று மாலை வரை நான் அவரோடு பேசவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அரசாங்க ஆங்கிலத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் எவரும் எதையும் செய்வதில்லை. கருதப்படும், உணரப்படும், முடிவு செய்யப்படும், வருத்தத்துடன் தெரிவிக்கப்படும். செய்தவன் மட்டும் காணப்படமாட்டான். அந்த நடையை நான் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். மேடைத் தமிழிலும் அதைப் புகுத்திக்கொண்டேன். அதில் ஒரு கம்பீரம் இருப்பதாக நினைத்தேன். மாமிக்கு அது ஆகவே ஆகாது. என் வரைவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வார்: "பட்டது பட்டதுன்னே எழுதிண்டு போனா வாக்கியம் பட்டுப்போயிடும். பச்சையா ஒரு ஆளைக் காட்டுங்கோ."

இதை ஒரு விளையாட்டென்றே முதலில் நினைத்தேன். அது விளையாட்டல்ல என்று புரிய வைத்தது ஒரு கண்ணாடி.

கிடங்கின் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. 'கண்ணாடி உடைந்த நிலையில் காணப்பட்டது' என்று தலைமை எழுத்தர் ஒரு குறிப்பு எழுதித் தட்டச்சுக்கு அனுப்பினார். மாமி வழக்கம்போல, எல்லோர் காதிலும் விழும்படி, "யாரு உடைச்சா?" என்று கேட்டார். தலைமை எழுத்தருக்கு அது தன் அதிகாரத்தைக் குத்திய கேள்வியாகப் பட்டது. விசாரணை நடத்தினார். மாலைக்குள் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஏணியை உள்ளே கொண்டுவந்த தினக்கூலி மஸ்தூர் ஒருவர். எங்கள் தாராவிச் சந்தில் நான்காவது வீடு. மறுநாள் ஆள் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

அவர் மனைவி குழாயடியில் என்னை வழிமறித்தார். "தம்பி, ஒங்க ஆபீஸ்ல ஒரு பொம்பள கேட்டாளாமே யாரு ஒடச்சான்னு? அவளுக்கு என்னத்துக்கு அது?"

இதை நான் பேருந்தில் மாமியிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் சிறிது மகிழ்ச்சியும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. சுண்டல்காரனை நான் மறந்திருக்கவில்லை. முகாம் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் அவர் சொன்னார்: "ஏணியை அந்த ஜன்னல் வழியா உள்ள கொண்டுவரச் சொன்னது யாருன்னு நான் கேக்கல்லே பாருங்கோ. பாதியோட நிறுத்திட்டேன்."

அன்றே தலைமை எழுத்தரிடம் அதையும் கேட்டார். மறுநாளும் கேட்டார். ஏணியைக் கொண்டுவரச் சொன்னவர் மேற்பார்வையாளர் என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மஸ்தூர் ஒரு தோல் பட்டறையில் வேலை தேடிக்கொண்டார். அதற்குப் பிறகு சில வாரங்கள் மாமி எவரிடமும் எதுவும் கேட்காமல் கொடுத்ததைக் கொடுத்தபடியே தட்டச்சு செய்தார். அந்த அமைதியைத் தாங்குவது கேள்வியைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

பழைய மாமி திரும்பி வந்தது ஒரு பெண்பார்க்கும் படலத்தால். வந்து போன வீட்டார், 'பெண் பிடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது' என்பது போல ஒரு செய்தியைத் தரகர் மூலம் அனுப்பியிருக்கிறார்கள். மாமி தரகரைக் கூடத்திலேயே நிறுத்தி, "யாருக்குப் பிடிக்கல்லே? பையனுக்கா, பையனோட அம்மாவுக்கா?" என்று கேட்டிருக்கிறார். தரகர் குடையை மறந்து போட்டுவிட்டு ஓடிப்போனாராம். "அப்பா ரெண்டு நாளா என்னோட பேசல்லே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பேருந்து செம்பூரைத் தாண்டிய பிறகும் அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

வடக்கு எல்லையில் சீனருடன் நடந்த போர் முடிந்த மறு ஆண்டு அது. பனியில் கை கால் விரல்களை இழந்த சிப்பாய்கள் சிலரை எங்கள் முகாமில் தங்க வைத்திருந்தார்கள். மருத்துவக் குழு பார்த்து, இன்னின்னாருக்கு இந்தப் பணி, இன்னின்னார் வீட்டுக்கு என்று முடிவு சொல்லும் வரை அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவர்களுக்காக ஒரு மனமகிழ் அறை கட்ட முகாமின் தலைவரான மேஜர் விரும்பினார். முப்பதடிக்கு இருபதடி, செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு ஜன்னல், உள்ளே இரண்டு கேரம் பலகை, ஒரு வானொலிப் பெட்டி, சில பெஞ்சுகள். அவ்வளவே. ஆனால் இராணுவ நிலத்தில் ஒரு செங்கல்லை நிரந்தரமாக வைப்பதென்றால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, 'இருக்கும் கொட்டகையிலேயே ஏன் ஆடக்கூடாது?' என்று. இரண்டாம் முறை, 'தற்காலிகமாகத் தங்குவோருக்கு நிரந்தரக் கட்டடம் ஏன்?' என்று. தேவையை ஐயமற விளக்காவிட்டால் இத்துடன் கோப்பை மூடிவிடலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தலைமை எழுத்தரே என்னைத் தேடி வந்து, "பாஷண் கர்னேவாலா தூ ஹை நா?" என்றார். பேச்சாளன் நீதானே, எழுது என்பது பொருள். நான் இதற்கென்றே பிறந்தவன் போல் எழுதினேன். தாயகத்தின் வெண்பனி முடிகளில் குருதி சிந்திய தீரர்கள் அந்த ஆங்கில வரைவில் இருந்தார்கள். இறுதியில் என் முத்தாய்ப்பு: 'இத்தகையதோர் அறையின் இன்றியமையாமை சிப்பாய்கள் அனைவராலும் ஒருமனதாக உணரப்படுகிறது.'

மாமி அதுவரை தட்டிக்கொண்டே வந்தார். அந்த வரியில் விரல்கள் நின்றன.

"யாரு?"

"சிப்பாய்கள்தான், மாமி. எழுவாயை வைத்துவிட்டேனே!"

"அதான் கேக்கறேன். எந்தச் சிப்பாய்? நீங்க யார்கிட்ட கேட்டேள்?"

நான் எவரையும் கேட்கவில்லை. அவர்கள் தங்கியிருந்த கொட்டகை எங்கள் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம். எட்டு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன் நான்.

உணவு இடைவேளையில் அவர் மோர்ச்சாதப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் புறப்பட்டார். நானும் போனேன். கொட்டகையில் பெரும்பாலோர் வடநாட்டவர். மூலைக் கட்டிலில் ஒரு தமிழ் ஹவில்தார், நாங்குநேரிப் பக்கத்தவர், கேரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் போனார். மாமி கையமர்த்தினார்.

"உங்களுக்கெல்லாம் ஒரு ரூம் கட்டணும்னு எழுதறோம். உங்களுக்கு அது எதுக்கு வேணும்?"

ஹவில்தார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா கேக்கா? கவர்மெண்டா, நீங்களா?"

மாமியைப் பார்த்து ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டு அன்றுதான் நான் கண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் கேக்கறேன்."

"அப்பம் சொல்லுதேன். இந்தக் கால்ல அஞ்சு வெரலும் பனியில போயிட்டு. நின்னுட்டேன்னா நின்னுருவேன், எந்திரிக்கதுதாம்மா கஷ்டம். இங்க உக்காந்து ஒரு காயை அடிக்கதுக்குள்ள எவனாவது ஆபீசர் உள்ள வாறான். ஒடனே எந்திரிக்கணும். அவன் போயி உக்காந்தா இன்னொருத்தன் வாறான். ஒரு நாளைக்கு இருவது தடவ. கேரம் போர்டுலாம் கெடக்கட்டும்மா. யாரு வந்தாலும் எந்திரிக்க வேண்டாத ஒரு எடம். அது போதும்."

பக்கத்துக் கட்டிலில் ஆரணிக்காரர் ஒருவர் படுத்தபடியே குரல் கொடுத்தார்: "வாசப்படியைச் சின்னதா வையுங்கம்மா, ஆபீசருங்க தொந்தி உள்ள நுழையாத மாதிரி!"

கொட்டகையே சிரித்தது, மொழி புரியாதவர்களும் சிரித்தார்கள்.

திரும்பி வந்து மாமி என் முத்தாய்ப்பை எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு சிறு வாக்கியம் தட்டினார். தமிழில் அது இது: 'எவர் உள்ளே வந்தாலும் தாங்கள் எழுந்து நிற்கத் தேவையில்லாத ஓர் அறை வேண்டும் என்று இந்தச் சிப்பாய்கள் கேட்கிறார்கள்.' என்னைப் பார்த்தார். வரைவு என்னுடையது, என் ஒப்புதல் இன்றி ஒரு சொல்லும் மாறக்கூடாது. "இருக்கட்டும்" என்றேன். இருக்கட்டும் என்று மட்டுமா சொன்னேன்? அன்று மாலை பேருந்தில் அந்த வாக்கியத்தை மூன்று முறை வெவ்வேறு ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்து, இதைவிட ஒரு முடிவு அமையாது என்று மகிழ்ந்தேன். மேஜர் மற்றக் கடிதங்களோடு அதிலும் கையெழுத்திட்டார். கோப்பு போயிற்று.

மூன்று வாரத்தில் கேள்வி வந்தது. 'மேற்கண்டவாறு கூறியவர் யார்? பெயரும் படை எண்ணும் உடனே தெரிவிக்கவும்.' கீழே, ஒழுங்கீனம் பற்றி ஒரு பத்தி.

பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹவில்தார் இனிமேல்தான் மருத்துவக் குழுவின் முன் நிற்க இருந்தார். நல்ல குறிப்போடு வீடு போவதா, மேலதிகாரிக்கு எழ மறுத்தவன் என்ற குறிப்போடு போவதா என்பது அந்த ஒரு பெயரில் இருந்தது.

தலைமை எழுத்தர் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "யே கிஸ்னே லிகா?" இதை எழுதியது யார்?

அவர் என்னைத்தான் பார்த்தார். வரைவு என்னுடையது என்பது அவருக்குத் தெரியும். நான் எழுந்து நின்றேன். எத்தனையோ மேடைகளில், எதிரே எத்தனையோ முகங்களைப் பார்த்து நடுங்காமல் நின்றவன் நான். என் வாயிலிருந்து வந்தது இது: "டைப் ஹோ கயா, சாஹப்."

தட்டச்சு ஆகிவிட்டது. பம்பாய் இந்தியில் எல்லாம் தானாகவே ஆகிவிடும். பால் பொங்கிவிடும், கண்ணாடி உடைந்துவிடும். எவரும் செய்ய வேண்டியதில்லை.

மாமி உருளையிலிருந்து தாளை உருவி வைத்துவிட்டு எழுந்தார். "நான் எழுதினேன்" என்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். இடைவெளியின் மதிப்பை அறிந்தவன் நான். அது எனக்காக விடப்பட்ட இடைவெளி. இல்லை, அவர் எனக்காக விட்ட இடைவெளி. மின்விசிறி சுற்றியது. பாலக்காட்டுக்காரர் இருமினார். நான் அதை நிரப்பவில்லை.

"சொன்ன ஆள் யார், மாமிபாய்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

தலைமை எழுத்தர் கெட்டவரல்லர். குரலைத் தாழ்த்தி வழி சொன்னார்: பெயர் தெரியவில்லை என்று எழுதிவிடு, கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று எழுதிவிடு, விஷயம் முடிந்துவிடும்.

"தெரியுமே" என்றார் மாமி. "தெரியாதுங்கறதும் சொல்ல மாட்டேங்கறதும் ஒண்ணா?" இதைத் தமிழில் சொன்னார், என்னைப் பார்க்காமல். பிறகு உட்கார்ந்து பதிலைத் தாமே தட்டினார். நான் அதைப் பார்த்திருக்கிறேன், மூன்றே வாக்கியம். அந்த வரியை நான் எழுதினேன். சொன்னவரை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்ல நான் மறுக்கிறேன். கீழே முதலெழுத்துகள் அல்ல, முழுப்பெயர்.

அவரை நகரின் தென்கோடியில் இருந்த வேறோர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போயிற்று. எடுத்தவர் யார் என்று எந்த உத்தரவிலும் இல்லை. அவர் போன நாளிலிருந்து சயானில் நான் ஏறும் பேருந்தில் என் பக்கத்து இடம் யாருக்கு வேண்டுமானாலும் கிடைத்தது.

பத்து நாள் கழித்து ஒரு மாலை கிங்ஸ் சர்க்கிள் நிறுத்தத்தில் காத்திருந்து அவரைச் சந்தித்தேன். வழியெல்லாம் ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன். "மாமி, நடந்துவிட்ட தவறுக்கு..." என்று தொடங்கினேன்.

"நடந்துடுத்தா? தானா நடந்து வந்துதா, பஸ்லயா?"

முன்னுரை போயிற்று. மேடைத் தமிழும் போயிற்று. "நான் வாயத் தொறக்கல, மாமி. பயந்துட்டேன்."

"ம்" என்றார். காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உங்க மேல கோவம் இருக்கு. போகப் போகப் போயிடும்னு நினைக்கறேன். போகாட்டா சொல்றேன்." என்னைத் தேற்றவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. சாலையைக் கடந்து போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்த பின் ஒப்புதல் வந்தது. அந்த வாக்கியம்தான் கல்நெஞ்சைக் கரைத்தது என்று மேடையில் நான் முழங்கலாம்; கைதட்டலும் கிடைக்கும். உண்மையில் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. மேலே ஓர் அதிகாரி மாறியிருந்தார், அவ்வளவே அறிவேன். ஆனால் ஒப்புதல் கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது: 'இந்த அறையினுள் எவர் வருகைக்காகவும் எவரும் எழுந்து நிற்கத் தேவையில்லை.' கையெழுத்து கிறுக்கலாக இல்லை. ஒவ்வோர் எழுத்தும் படிக்கும்படி இருந்தது.

அறை எழுந்தது. நிபந்தனையை ஒரு பலகையில் எழுதிக் கதவருகே மாட்டினார்கள். முதல் நாள் மேஜர் உள்ளே வந்தபோது பாதிப்பேர் பழக்கத்தில் எழுந்துவிட்டு, அசடு வழிய உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பெரிய அதிகாரியே வந்தாலும் கேரம் காய்கள் மோதும் சத்தம் நிற்காது.

தம் பணிப் பதிவேட்டில் ஏதோ ஒரு பக்கம் சரிபார்க்க மாமி ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வேலை முடிந்ததும் நான் கேட்டேன்: "அறையைப் பாக்க வாறீங்களா, மாமி?" யோசித்துவிட்டு வந்தார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வானொலியில் மராத்திப் பாட்டு. எங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்த அறையின் சட்டமே அதுதான். கேரம் பலகையில் குனிந்திருந்த ஹவில்தார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்துவிட்டிருந்தது, நல்ல குறிப்போடுதான். காயை அப்படியே விட்டார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையை முழங்காலில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

மாமி பதறிவிட்டார். "ஐயோ, உக்காருங்கோ, உக்காருங்கோ! இங்க யாரும் எழுந்துக்க வேண்டாம்னு ஆர்டரே போட்டிருக்கா!"

"வேண்டாம்னுதாம்மா போட்டிருக்கு" என்றார் ஹவில்தார். "கூடாதுன்னு போடலல்லா? இது நானா எந்திரிக்கது."

மாமி எதுவும் கேட்கவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சைத் தாமே இழுத்துப் போட்டு, ஹவில்தாரும் உட்காரட்டும் என்று, அவருக்கு முந்திச் சட்டென்று உட்கார்ந்தார்.